சிறுபொதியும் சிற்றுற்பத்தியாளரும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து அஞ்சற் கட்டண வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1

ஈழத்துக் கைவினைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கைவினைஞரின் திறனையும், அவர் ஆக்கிய பொருள்களின் வனப்பையுமே விதந்து பேசியுள்ளனர். பழமையைப் போற்றும் மனப்பாங்கு இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆனால் அக்கைவினைஞருக்கு வேண்டிய ஊசியும் நூலும் சாயப்பொடியும் மணியும் எங்கிருந்து வந்தன, எவ்வழியாக வந்தன, அவற்றை வருவிப்பதற்கான செலவை யார் சுமந்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. இவ்வினாக்கள் மேற்போக்கில் அற்பமானவையாகத் தோன்றக்கூடும். எனினும், சில கிராம் எடையுள்ள பொருளொன்று கடல்கடந்து ஒரு கிராமத்தை வந்தடையும் பாதையிலே காலனித்துவ அரசும் வணிக மூலதனமும் சிற்றுற்பத்தியாளரும் ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர். அப்பாதைக்கு விலை குறித்த ஆவணமே அஞ்சற் கட்டண அட்டவணை. அதனை ஒரு சமூக ஆவணமாக வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை நாம் இவ்வாய்வுக்குத் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்ற நீர்நிலையின் கரையிலே வாழும் மக்கள், ஒரு பெட்டி தையலூசிக்கும் ஒரு சிறு பை சாயத்துக்கும் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பையே நம்பியிருக்க நேர்ந்தது. துறைமுகம் வாசலில் இருக்க, சரக்கு மட்டும் நாட்டைச் சுற்றி வந்த இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாது அப்பகுதியின் கைவினைப் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

2

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியபோது அவர்கள் வேண்டியது ஒரு சந்தையன்று. வங்காள விரிகுடாவைக் காவல் செய்வதற்கான கடற்படைத் தளமே அவர்களுடைய தேவையாயிருந்தது. பலத்த பருவக்காற்றுக் காலத்திலும் போர்க்கப்பல்கள் அஞ்சாது தங்கக்கூடிய உட்துறைமுகம் அவர்களுக்குப் பெரும் பேறாயிற்று. ஆயின் தேயிலையும் தெங்குப் பொருள்களும் ஏற்றுமதியாகிய பாதைகள் மலையகத்திலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் கொழும்பையே நோக்கின. 1875இல் தொடங்கப்பெற்ற கொழும்பின் முதலாவது அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியபோது, இயற்கை வழங்காத துறைமுகத்தைப் பெருந்தோட்ட மூலதனம் செயற்கையாக ஆக்கிக்கொண்டது. இயற்கை வழங்கிய துறைமுகமோ கடற்படையின் உடைமையாகவே தொடர்ந்தது. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்த பின்னரும் இவ்வமைப்பு அடிப்படையில் மாறவில்லை.

இதனால் விளைந்த பயன் யாது? திருகோணமலைக்கு வந்த சில்லறை இறக்குமதிப் பொருள், முதலிற் கொழும்பில் இறக்கப்பட்டுப் பின்னர் மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் தரைமார்க்கமாகவோ, தீவைச் சுற்றி ஓடிய கரையோரக் கப்பல்களிலோ வந்தது. 1927இலே புகையிரதப் பாதை திருகோணமலையை எட்டிய பின்னரே அஞ்சற் பொதிகள் ஒழுங்காகவும் விரைவாகவும் வரலாயின. இங்கிருந்தும், குடாவைக் கடந்து மூதூருக்கோ, கழிமுகங்களைத் தாண்டிக் கிண்ணியாவுக்கோ, வடக்கே நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களுக்கோ பொதி செல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு செலவு. ஒவ்வொரு செலவும் ஈற்றிற் பொருளின் விலையிற் போய்ச் சேர்ந்தது.

மறுதலையாக, இப்பகுதியிலிருந்து வெளியே சென்ற பொருள்களையும் நோக்குதல் வேண்டும். தம்பலகாமக் குடாவிலே விளையும் தட்டையான, ஒளி ஊடுருவும் மென்சிப்பியிலிருந்து சிறுமுத்துக்கள் எடுக்கப்பட்டன. இக்குளிப்புரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. அணிகலனுக்கு உதவாத அப்பொடிமுத்துக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீற்றப்பட்டு, மருந்துக்கும் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் பயன்பட்டன. 1850களில் கெலார்ட் என்னும் இயற்கையியலாளரும், 1900களில் ஜேம்ஸ் ஹோர்ணெல்லும் இதுபற்றி ஆராய்ந்துள்ளனர். மூலப்பொருள் மலிவாக வெளியேறுவதும், ஆக்கப்பட்ட ஊசியும் மணியும் பொத்தானும் விலையேறி உள்ளே வருவதும் காலனித்துவப் பொருளாதாரத்தின் பொது இலக்கணமே. மிகச் சிறிய பொருள்களிலும் அவ்விலக்கணம் பிறழவில்லை என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது.

3

கைவினைகள் அனைத்துமே எக்காலத்தும் வெளியிலிருந்து வரும் சிறுபொருள்களை நம்பியிருந்தன என்று கொள்ளல் ஆகாது. திருகோணமலைப் பகுதியின் பெண்கள் பனையோலையிலும் பன்னிலும் இழைத்த கடகம், சுளகு, குட்டான், நீற்றுப்பெட்டி, பாய் ஆகியன வீட்டுத் தேவைக்கும் அயலாரின் தேவைக்கும் உரியனவாக இருந்தவரை, சூழலிலே கிடைத்த ஓலையும் ஒரு சிறு கத்தியும் போதியனவாயிருந்தன. அங்கு அஞ்சலுக்கு வேலையே இருக்கவில்லை. பயன்பாட்டுப் பெறுமதிக்காக ஆக்கப்பட்ட பொருள், நகரச் சந்தைக்கும் உல்லாசப் பிரயாணிக்குமான பண்டமாக மாறியபோதுதான் நிலைமை வேறாயிற்று. கைப்பைக்கு உட்துணியும் சிப்பும் கொக்கியும் வேண்டும். தொப்பிக்கு நாடா வேண்டும். அலங்காரப் பெட்டிக்கு நகரத்தார் விரும்பும் நிறங்கள் வேண்டும். இவற்றுள் எதுவும் பனையிற் காய்ப்பதில்லை. பண்ட உற்பத்தி விரிவடைந்த அளவுக்குச் சிறுபொருட் சார்பும் விரிவடைந்தது.

சாயத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். யாழ்ப்பாணம், மன்னார் முதலிய கரையோரப் பகுதிகளிலே சாயவேர் தோண்டுதல் ஒல்லாந்தராட்சியில் அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தது. குறித்த சாதியினர் அவ்வேரைக் கட்டாயக் கடமையாகத் தோண்டிக் கொடுத்தனர். ஆங்கிலேயரும் அவ்வருவாயைத் தொடக்கத்திற் குத்தகை முறையிற் பேணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அம்முறை ஒழிந்தது. 1856இல் பேர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயத்தை ஆக்கினார். சில பத்தாண்டுகளுக்குள் ஜெர்மன் இரசாயனக் கம்பனிகள் உலகச் சாயச் சந்தையைக் கைக்கொண்டன. நிலத்தைத் தோண்டிப் பெற்ற நிறம் கடதாசிப் பொட்டலத்தில் வரலாயிற்று. கட்டாய உழைப்பிலிருந்து விடுபட்டமை முன்னேற்றமே, ஐயமில்லை. ஆனால் நிறத்தைப் பெறும் வழி அயலாரின் தொழிற்சாலைக்கும் கப்பற் கம்பனிக்கும் உரியதாயிற்று. ஊசியின் கதையும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் வழங்கிய தையலூசிகளிற் பெரும்பகுதி இங்கிலாந்தின் றெடிச் என்னும் ஒரே நகரிலிருந்து வந்தது. தூண்டில்களும் அங்கே செய்யப்பட்டன. கண்ணாடி மணிகளுக்கு வெனிசும் பொஹீமியாவும் பேர்பெற்றிருந்தன.

இப்பொருள்களுக்கெல்லாம் பொதுவானதோர் இயல்பு உண்டு. அவை எடையிற் குறைந்தவை, அளவிற் சிறியவை, தொழிலுக்கு இன்றியமையாதவை. ஒரு கைப்பையின் விலையில் அதன் கொக்கியின் பங்கு மிகச் சிறிதாயினும், கொக்கி இல்லாவிடின் பை விலைபோகாது. ஆகவே அவற்றை வருவிக்கும் செலவு, பொருளின் அடக்க விலையை விஞ்சிவிடும்போதும் உற்பத்தியாளர் அதனைக் கொடுக்கவே நிர்ப்பந்திக்கப்படுகிறார்.

4

அஞ்சற் கட்டணம் எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதனை இனி நோக்குவோம். 1837இல் றோலண்ட் ஹில் வெளியிட்ட அஞ்சற் சீர்திருத்தம் பற்றிய பிரசுரம் ஓர் எளிய கணக்கின்மீது கட்டப்பட்டது. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்ல உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்சின் முப்பத்தாறில் ஒரு பங்கே என்று அவர் காட்டினார். செலவின் பெரும்பகுதி பொறுப்பேற்றல், தரம்பிரித்தல், வினியோகித்தல் ஆகியவற்றுக்கே ஆகின்றது. தூரத்துக்கு ஆவது சொற்பம். இதிலிருந்தே தூரத்தைக் கருதாத ஒரேசீர்க் கட்டணம் என்னும் கொள்கை பிறந்தது. 1840இல் அது பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது. வணிகரும் ஆலை உரிமையாளரும் அதனை ஆதரித்தது தம் நலன் கருதியே என்பது உண்மை. எனினும் ஒரு வர்க்கத்தின் நலனுக்காக ஏற்பட்ட ஏற்பாடு, அதன் எல்லையைக் கடந்து பிற வர்க்கங்களுக்கும் பயன்படுதல் வரலாற்றில் உண்டு.

இலங்கையின் முதலாவது முத்திரை 1857இல் வெளியாயிற்று. காலப்போக்கில் தூரத்துக்கேற்ப அறவிடும் முறை மறைந்து, எடைக்கேற்ப அறவிடும் முறை நிலைபெற்றது. கொழும்பிலிருந்து மொறட்டுவைக்கும் மூதூருக்கும் ஒரே கட்டணம் என்றால், தொலைவிலுள்ள ஊரின் பாரத்தில் ஒரு பகுதியை முழு நாடும் பகிர்ந்து கொள்கிறது என்பதே பொருள். திருகோணமலை போன்றதொரு பின்தள்ளப்பட்ட மாவட்டத்துக்கு இது எத்துணை பெரிய சமூக உரிமை என்பது, அது இழக்கப்படும்போதே புலனாகும்.

ஆயினும் எடைக் கட்டணத்துள்ளும் வர்க்கச் சார்பு ஒளிந்திருந்தது. 1874இல் பேர்ண் நகரிற் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தத்தினால் உலக அஞ்சல் ஒன்றியத்தின் அத்திவாரம் இடப்பட்டது. இலங்கை 1877இல் இவ்வமைப்பில் இணைந்தது. அவ்வொப்பந்தப்படி கடிதத்துக்குப் பதினைந்து கிராமுக்கு 25 சென்ரிம் பொதுக் கட்டணம். அச்சுப் பிரதிகளுக்கும் வணிகப் பண்ட மாதிரிகளுக்குமோ ஐம்பது கிராமுக்கு 7 சென்ரிம் மாத்திரமே. ஐம்பது கிராம் எடையைக் கடிதமாக அனுப்பினால் நான்கு படிகள், அதாவது 100 சென்ரிம். மாதிரியாக அனுப்பினால் 7 சென்ரிம். ஏறத்தாழப் பதினான்கு மடங்கு வேறுபாடு!

இச்சலுகை யாருக்கு? மாதிரி என்னும் வகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அதற்கு விற்பனைப் பெறுமதி இருத்தல் ஆகாது. ஆலை முதலாளி தன் துணியின் துண்டொன்றை, தன் மணிகளில் நான்கைந்தை, உலகெங்குமுள்ள வணிகருக்கு மலிவாக அனுப்பலாம். அதே மணியை விலைகொடுத்து வாங்கித் தன் தொழிலுக்குப் பயன்படுத்த விரும்பும் கைவினைஞர் அவ்வகையைப் பயன்படுத்தல் முடியாது. கூடிய கட்டணத்தையே செலுத்த வேண்டும். சரக்கை விற்பதற்கான விளம்பரம் மலிவாகப் பயணஞ்செய்ய, சரக்கைக் கொண்டு உழைப்பவருக்கு வேண்டிய மூலப்பொருள் பிரியமாகப் பயணஞ்செய்தது. அட்டவணையின் ஒவ்வொரு நிரலுக்குப் பின்னாலும் ஒரு சமூக சக்தி நிற்கிறது என்று நாம் கூறுவது இதனாலேயே.

அச்சுப் பிரதிகளுக்கான சலுகை பண்பாட்டுத் துறையில் நற்பயனும் விளைத்தது என்பதை மறுக்க முடியாது. திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் வெளியாயிற்று. தமிழின் முதலாவது வரலாற்று நாவல் எனக் கொள்ளப்படும் இந்நூலை எழுதியவர் ஈழத்தவர், அச்சேறியது தமிழகத்தில். கடலின் இரு கரைகளுக்குமிடையே நூலும் சஞ்சிகையும் பரிமாறப்பட்ட அக்காலச் சூழலிலே மலிவான அச்சுப் பிரதி அஞ்சல் ஆற்றிய பணி தனியாக ஆராயத்தக்கது. இலக்கிய வரலாற்றாசிரியர் நூலாசிரியரைக் காண்பர். நூலைச் சுமந்தவரைக் காண்பதில்லை.

பொதியஞ்சலின் கதை வேறொரு வகையிற் படிப்பினை தருவது. 1880இலே பாரிஸ் நகரிற் பொதிகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. பிரித்தானியாவில் உள்நாட்டுப் பொதியஞ்சல் 1883இலேயே தொடங்கியது. தாமதத்துக்கு முக்கிய காரணம் புகையிரதக் கம்பனிகளின் எதிர்ப்பு. புகையிரதத்திற் செல்லும் பொதிகளின் கட்டணத்தில் நூற்றுக்கு 55 பங்கைக் கம்பனிகளுக்குக் கொடுக்க இணங்கிய பின்னரே அச்சேவை சாத்தியமாயிற்று. மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதியிலே, போக்குவரத்து என்பது சுற்றோட்டத்தினுள்ளே தொடரும் உற்பத்தி என்று விளக்குகின்றார். பொருள் நுகர்வோரை அடையும்போதே அதன் பயன்பாட்டுப் பெறுமதி நிறைவேறுகின்றது. ஆகவே அதனைக் கொண்டுசெல்லும் உழைப்பும் அதற்குப் பெறுமதி சேர்க்கின்றது. அதே இடத்தில், சரக்கின் உடையுந் தன்மையையும் விலையையும் சாட்டாகக் கொண்டு கட்டணத்தை உயர்த்தும் புகையிரத அதிபர்களின் கற்பனை வளத்தையும் அவர் எள்ளி நகையாடுவர். போக்குவரத்துத் தொழிலாளியின் உழைப்புக்குரிய பங்கையும், பாதையை உடைமையாக்கிக் கொண்டவன் அறவிடும் வரியையும் வேறுபடுத்திக் காண்பதற்கு இப்பகுப்பு இன்றியமையாதது.

விற்பனைப் பெறுமதியுள்ள சிறிய பொருள்களைக் கடித அஞ்சலோடு மலிவாக அனுப்ப இடமளிக்கும் சிறுபொதி என்னும் வகை, இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே சர்வதேச அஞ்சலில் இடம்பெற்றது. இன்று அதன் எல்லை இரண்டு கிலோகிராம். வணிகரின் மாதிரிக்கு 1874இல் கிடைத்த உரிமை, கைவினைஞரின் மணிக்குக் கிடைக்க அரை நூற்றாண்டு சென்றது.

5

இக்கட்டணப் படிகளுக்குள்ளே சிற்றுற்பத்தியாளர் எவ்வாறு சிக்கனம் தேட முடியும்? இதனை நடைமுறை வினா என்று ஒதுக்கிவிடல் ஆகாது. வரலாற்றின் விளைவுகள் அன்றாட வாழ்விலே தீர்க்கப்படும் இடம் இதுவே.

முதலாவது, வெற்றெடையைக் குறைத்தல். கட்டணம் பொருளுக்கன்று, பொதிக்கே அறவிடப்படுகின்றது. மணிகளைப் போத்தலிலோ தகரத்திலோ வருவித்தால் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் முத்திரை ஒட்ட வேண்டும். நூலிற் கோத்த சரமாக வருவித்தால் மணிக்கு மட்டுமே செலவு. நூலை மரக்கட்டையிலே சுற்றியபடி பெறாது கழியாகப் பெறுதலும், சாயத்தைக் கரைசலாகப் பெறாது பொடியாகப் பெறுதலும், கனத்த பெட்டிக்குப் பதிலாகத் தடித்த கடதாசி உறையைப் பயன்படுத்துதலும் இத்தகையன. இரண்டாவது, படியின் எல்லையை அறிந்து நிறுத்தல். ஒரு படியை ஒரு கிராம் தாண்டினாலும் முழுப் படிக்குரிய கட்டணமும் அறவிடப்படும். மூன்றாவது, அஞ்சலில் வரவேண்டியவற்றையும் உள்ளூரிற் பெறத்தக்கவற்றையும் பிரித்தறிதல். ஓலையும் பன்னும் சிப்பியும் கயிறும் சூழலில் உள்ளன. கொக்கியும் சாயமும் ஊசியுமே தொலைவிலிருந்து வரவேண்டியவை. நான்காவது, வகையை உண்மையாகக் குறித்தல். அச்சுப் பிரதி என்று எழுதிப் பொருளை அனுப்புவோர் காசு மீதமாகும் என எண்ணுவர். பிடிபடின் பொதி தடைப்படும். குறைந்த கட்டணத்துக்குத் தண்டமும் சேரும். அதனைச் செலுத்துபவர் பெரும்பாலும் பொதியைப் பெறும் ஏழைக் கைவினைஞரே.

இவையெல்லாம் தனியொருவரால் இயலக்கூடியவை. ஆயின் இவற்றின் பயன் ஓர் எல்லைக்குட்பட்டது. ஏனெனில் கட்டணப் படிகளின் அமைப்பே சிறிதாக வாங்குவோருக்குப் பாதகமானது. முதலாம் படி எப்பொழுதும் விலை கூடியது. அடுத்து வரும் படிகள் குறைந்தவை. ஹில் காட்டியவாறு பொறுப்பேற்றலும் வினியோகமுமே செலவின் பெரும்பகுதியாதலால் இதிலே நியாயமும் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கினால் இதனை விளக்கலாம். முதலாம் படிக்கு நான்கு அலகும், அதன்மேல் ஒவ்வொரு படிக்கும் ஓர் அலகும் கட்டணம் எனக் கொள்வோம். பத்துப் பெண்கள் தனித்தனியே ஒரு படி எடையுள்ள சாயத்தை வருவித்தால் மொத்தம் நாற்பது அலகு செலவாகும். அவர்களே ஒன்றுசேர்ந்து ஒரே பொதியாக வருவித்தால் முதலாம் படிக்கு நான்கும் எஞ்சிய ஒன்பது படிகளுக்கு ஒன்பதுமாகப் பதின்மூன்று அலகே ஆகும். பதிவுக் கட்டணமும் பத்துக்குப் பதில் ஒன்றாகும். மேலே கூறிய தனியாள் உபாயங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இவ்வளவு மீதத்தை எட்டுதல் அரிது. சிக்கனத்தின் மிகப் பெரிய ஊற்று ஒன்றுசேர்தலிலேயே உள்ளது. தனிமனித சாமர்த்தியத்திற்கு அதில் இரண்டாம் இடமே.

6

ஒன்றுசேர்தலுக்கான நிறுவனம் ஈழத்தில் இல்லாமற் போகவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய கூட்டுறவு இயக்கம், இரண்டாம் உலக யுத்தகாலப் பங்கீட்டினால் கிராமங்கள்தோறும் பரவியது. 1942 ஏப்பிரல் 9இலே ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலத்திலே உணவுப் பங்கீடே மக்களின் முதற் கவலை. கூட்டுறவுக் கடை அன்றைய தேவையின் பிள்ளை. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அறுபதுகளிலும் 1970 முதல் 1977 வரையும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ், நெசவு நூலும் சாயமும் பெருமளவுக்குத் திணைக்களங்கள் வாயிலாகவும் சங்கங்கள் வாயிலாகவும் பங்கிடப்பட்டன. தட்டுப்பாடும் பாரபட்சமும் அம்முறையின் குறைகள். அவற்றை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் மூலப்பொருளை மொத்தமாக வருவித்துச் சில்லறையாகப் பகிரும் அமைப்பொன்று அக்காலத்தில் இருந்தது என்பது வரலாற்று உண்மை.

1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் சாயத்தையும் நூலையும் கடைகளில் நிறைத்தது. அதே கையால் ஆலைத் துணியையும் பிளாஸ்ரிக் பாயையும் கூடையையும் இறக்கியது. உபபொருள் தாராளமாகக் கிடைத்தபோது ஆக்கிய பொருளுக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. பனை அபிவிருத்திச் சபை 1978இலும் தேசிய அருங்கலைகள் பேரவை 1982இலும் தோன்றியமை கைவினைஞருக்குச் சிறிது ஊன்றுகோலாயின. ஆனால் 1983இல் தொடங்கி 2009 வரை நீடித்த யுத்தம் இம்மாவட்டத்தின் பாதைகளையே துண்டித்தது. பொதி என்பது ஐயத்துக்குரிய பொருளாயிற்று. சோதனைச் சாவடிகளைத் தாண்டி மூதூர் கிழக்குக்குச் செல்லும் பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. 2004இன் ஆழிப்பேரலையும், 2006இல் சம்பூர் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தமையும், பல ஆண்டுகள் அவர்கள் தம் நிலத்துக்குத் திரும்ப முடியாதிருந்தமையும் பனையையும் பன்னையும்கூட அவர்களுக்கு எட்டாதனவாக்கின. உள்ளூரிற் பெறத்தக்கது, விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருளாக மாறியது.

7

யுத்தத்தின் பின் குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் பலர் கைவினையை வருவாயாகக் கொள்ள முனைந்தபோது, உலகச் சந்தையிலே மணியும் கொக்கியும் மீண்டும் மலிந்திருந்தன. இம்முறை அவை சீனத்திலிருந்து வந்தன. இம்மலிவுக்குப் பின்னாலும் ஓர் அஞ்சல் விதி இருந்தது. பிற நாட்டிலிருந்து வரும் அஞ்சலை வினியோகிப்பதற்கு அனுப்பும் நாடு செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகை, 1969இல் தோக்கியோ மாநாட்டிலே ஏற்கப்பட்டது. வளர்முக நாடுகளுக்கு அது குறைவாக நிர்ணயிக்கப்பட்டமையால், இணையவழி வணிகம் பெருகிய காலத்தில் இலேசான சிறுபொதிகள் சீனத்திலிருந்து வெள்ளமெனப் பாய்ந்தன. 2018இல் ஐக்கிய அமெரிக்கா ஒன்றியத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. 2019 செப்டெம்பரில் ஜெனீவாவிற் கூடிய விசேட மாநாடு, பெருந்தொகையாக அஞ்சலைப் பெறும் நாடுகள் தாமே ஈட்டுத்தொகையை நிர்ணயிக்க வழிவிட்டது. 2025 ஆகஸ்ட் 29இலிருந்து 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கையும் அமெரிக்கா நீக்கியது. பெரும் அரசுகளின் வணிகப் போட்டி, கைவினைப் பொருளொன்றை வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்ப முயலும் ஒரு பெண்ணின் பொதியிலும் வரியாக வந்து விழுகின்றது.

உள்நாட்டிலும் நிலைமை எளிதன்று. 2022இன் நெருக்கடியிலே, மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 முதல் சாதாரண கடிதத்துக்குரிய குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. அஞ்சற் திணைக்களம் நட்டத்தில் இயங்குவதாகக் கூறித் தனியாருக்கு வழிவிடவேண்டும் என்போரின் குரலும் ஓங்கியுள்ளது. தனியார் கூரியர் நிறுவனங்கள் நகரங்களுக்கிடையே விரைந்து பணியாற்றுகின்றன என்பது உண்மையே. ஆனால் இலாபம் தராத ஊருக்குச் செல்லவேண்டும் என்னும் கடப்பாடு அவற்றுக்கு இல்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட உப அஞ்சலகங்களை நாடெங்கும் கொண்டிருப்பது அரசாங்க அஞ்சற் சேவை ஒன்றே. நட்டம் என்று கணக்கேட்டிற் காட்டப்படுவதில் ஒரு பகுதி, தொலைவிலுள்ள ஊர்களுக்கு முழு நாடும் செலுத்திவரும் சமூகப் பங்களிப்பேயாகும்.

அஞ்சற் சேவையைச் சோஷலிசப் பொருளாதாரத்துக்கு உதாரணமாகக் காட்டிய ஒரு ஜெர்மன் சமூக ஜனநாயகவாதியின் கூற்றை லெனின் 1917இல் எழுதிய ‘அரசும் புரட்சியும்’ நூலில் ஏற்றுப் பேசுகின்றார். அதே வேளை, அன்று அது அரசு முதலாளித்துவ ஏகபோகத்தின் வடிவிலேயே அமைந்திருந்தது என்பதையும் சுட்டத் தவறவில்லை. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காண்பதே முறை. ஒரேசீர்க் கட்டணம் வணிக வர்க்கத்தின் தேவையிற் பிறந்தது. ஆயினும் அது இன்று மக்களின் உடைமை. அதனை விட்டுக்கொடுத்துப் பின்னர் தனித்தனியே சிக்கனம் தேடுவது, கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குடத்தைப் பழுதுபார்ப்பதாகும்.

ஆகவே இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிபுகள் இரண்டு. கைவினைக்கான சிறுபொருள்களின் அஞ்சற் செலவைக் குறைக்கும் வழி, முதற்கண் உற்பத்தியாளரின் கூட்டு வருவிப்பிலேயே தங்கியுள்ளது. பாய் இழைக்கும் கிண்ணியா முஸ்லிம் பெண்ணும், ஓலை பின்னும் மூதூர்த் தமிழ்ப் பெண்ணும், அயற் கிராமத்துச் சிங்களப் பெண்ணும் ஒரே சாயத்தையே ஒரே கொழும்பிலிருந்து வாங்குகின்றனர். மூன்று பொதிகள் ஒன்றாவதற்கு மொழியோ மதமோ தடையாதற்கு எவ்வித பொருளாதார நியாயமும் இல்லை. ஊர்ச் சங்கமொன்றின் பொதுப் பெயரும் அஞ்சலக முகவரியுமே போதும். இரண்டாவதாக, அக்கூட்டு முயற்சி நிலைக்கவேண்டுமாயின், தொலைவுக்கு வரி விதியாத பொது அஞ்சற் சேவை காக்கப்படல் வேண்டும். சிறுபொதிக்கும் உற்பத்தியாளர் சங்கங்களின் பொதிக்கும் தனியான சலுகை வகையொன்று வகுக்கப்படுமாறு கோருவதும் நியாயமே. வணிகரின் மாதிரிக்கு 1874இலேயே அத்தகைய வகையொன்று வகுக்க முடிந்ததெனில், உழைப்பவரின் மூலப்பொருளுக்கு இன்று வகுக்க முடியாதென வாதிடுவோர் அதற்கான காரணத்தைக் காட்டக் கடமைப்பட்டவராவர்.